கடற்கரைக் கறளும் பழைய ஜீப்பும்: திருகோணமலை வீட்டு முற்றத்தில் பழுதுபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டு ஜீப்புக்கு என் தங்கையைவிட இரண்டு வயது கூட. மிற்சுபிஷி, 4டிஆர்5 டீசல் எஞ்சின், நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங், நாலு சில்லுக்கும் ட்ரம் பிரேக். அப்பா அதில் தம்பலகாமத்து வயலுக்கு விதைநெல் ஏற்றினார். 2009இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன்பு, மூதூர்ப் பக்கம் போக அதைப் படகுப் பாதையில் ஏற்றி இறக்கினார். இப்போது உப்புவெளியில் என் முற்றத்து வேம்பின் கீழ் நிற்கிறது. இன்னும் ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது.

மிற்சுபிஷி நிறுவனம் 1953இல் வில்லிஸ் ஜீப்பின் உரிமம் பெற்று இந்த வண்டியைக் கட்டத் தொடங்கி 1998 வரை கட்டியது. ஆகவே உங்களிடம் இருப்பது எவ்வளவு புதியதானாலும் கால் நூற்றாண்டைத் தாண்டியது. நம் நாட்டில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டியை வைத்திருந்தவர்கள் எல்லோரும் அதைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டோம். நான் கற்றதை வேலை செய்யும் ஒழுங்கிலேயே இங்கே எழுதுகிறேன். லான்ட் ரோவர், பழைய லான்ட் குரூசர், சுசுக்கி வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஒழுங்கு முக்கியம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய ஜீப் கைக்கு வந்ததும் எல்லோரும் எஞ்சினைத் திறக்கத்தான் ஆசைப்படுகிறார்கள். 4டிஆர்5 எஞ்சினுக்குப் பிஸ்டனும் பெயரிங்கும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும். லேத்தில் கொடுத்து மறுபடி கட்டலாம். சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், அப்படி இல்லை. வண்டியின் பதிவே சேசிஸ் இலக்கத்தில்தான் நிற்கிறது. அதைக் கறள் தின்றுவிட்டால் நல்ல எஞ்சினை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. எனவே முதலில் சேசிஸ், அடுத்தது பிரேக், பிறகு குளிரூட்டல். எஞ்சின் அதற்கும் பிறகு.

முதலில் இடமும் பாதுகாப்பும்

நிலாவெளி, உப்புவெளி, சாம்பல்தீவுப் பக்கம் முற்றம் என்றால் மணல்தான். மணலில் ஜக் வைத்தால் ஏறுவது வண்டி அல்ல, இறங்குவது ஜக். இரண்டு அங்குலத் தடிப்புள்ள பலகைத் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை அடிச் சதுரம், ஐந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஜக்கின் கீழ், நாலு ஸ்டாண்ட்களின் கீழ். சீமெந்துக் கல்லை ஸ்டாண்டாக வைக்காதீர்கள். அது வெடிக்கும்போது முன்னறிவிப்பு எதுவும் தராது. ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே படுக்க வேண்டாம். ஸ்டாண்ட் போட்ட பிறகும் வண்டியைக் கையால் பலமாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இறக்கி மறுபடி வையுங்கள். நிலத்தில் இருக்கும் சில்லுகளுக்கு இரு பக்கமும் கட்டை வைக்க வேண்டும். பழைய ஜீப்புகளில் கைப்பிரேக் பெரும்பாலும் கியர்பொக்ஸின் பின்னால் உள்ள தண்டில்தான் பிடிக்கிறது. ஒரு பின்சில்லு தூக்கியிருந்தால் அது வண்டியை நிறுத்தாது.

அடுத்தது ஒரு கொப்பி. மூன்று மாலை நேரம் எதையும் கழற்றாமல் பார்த்து எழுதுங்கள்: எங்கே ஒயில் கசிகிறது, எந்த இறப்பர் வெடித்திருக்கிறது, எந்த நட் கறள் கட்டியிருக்கிறது. கறள் கட்டிய நட்டுகளுக்கு அந்த மூன்று நாளும் மாலையில் கறள் இளக்கும் எண்ணெய் விட்டு வந்தால், கழற்றும் நாளில் பாதிச் சண்டை முடிந்திருக்கும். நான் முதல் முறை அவசரப்பட்டு, ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யூ-போல்ட் இரண்டை முறித்தேன்.

சேசிஸ்: சுத்தியலால் கேளுங்கள்

சிறிய சுத்தியல் ஒன்றால் சேசிஸ் முழுவதையும் அரை அடிக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். கறள் தின்ற இடம் மந்தமாகக் கேட்கும், சில வேளை சுத்தியல் உள்ளேயே போகும். கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டிய இடங்கள்: பின் ஸ்பிரிங் தொங்கும் தாங்கிகள், பொடி (வண்டியின் உடல்) உட்காரும் இறப்பர்களின் கீழ், பின்பக்கக் குறுக்குச் சட்டம், பற்றரித் தட்டு. சேசிஸின் அடியில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். எங்கள் வண்டியில் அவை எல்லாமே சேற்றால் அடைத்திருந்தன. கம்பியால் குத்தியபோது உள்ளிருந்து கடற்கரை மணல் ஒரு சிரட்டை அளவுக்குக் கொட்டியது. வருடக்கணக்காக அந்த உப்பு மணல் ஈரத்தோடு உள்ளேயே இருந்திருக்கிறது.

பெயின்ற் அடிப்பதற்கு முன் உப்பைக் கழுவுங்கள். இதைத் தவறவிட்டால் மற்ற எல்லாம் வீண்: உப்பின் மேல் அடித்த பெயின்ற் ஒரு மாரிக்குள் கொப்புளம் போட்டு உரிந்துவிடும். கடற்கரைக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர். கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். ஹோஸைச் சேசிஸ் துளைகளுக்குள் விட்டு, வடியும் தண்ணீர் தெளியும் வரை கழுவ வேண்டும்.

இதற்கு ஏற்ற காலம் நம் ஊரில் ஆனி, ஆடி. கச்சான் காற்று மேற்கிலிருந்து சூடாகவும் வறட்சியாகவும் வீசும். அந்தக் காற்றில் ஒரே நாளில் சேசிஸின் உட்புறம்கூட உலர்ந்துவிடும். வாடைக் காலத்தில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

உலர்ந்த பின் கம்பிப் பிரஷாலும் சுரண்டியாலும் உதிரும் கறளை எல்லாம் எடுங்கள். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். இரும்போடு ஒட்டிப் பிடித்த மெல்லிய கறளின் மேல் பொஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வேர்ட்டரைப் பூசுங்கள். அது கறளை இரும்புப் பொஸ்பேற்றாக மாற்றிக் கறுப்பாக்கும். அதன் மேல் எபொக்சி பிரைமர் இரண்டு பூச்சு, பிறகு சேசிஸ் கறுப்பு. உட்புறத்துக்கு மெல்லிய குழாயுள்ள டின்னில் வரும் மெழுகு ஸ்பிரே இருக்கிறது. துளைகள் வழியாக அடித்துவிட்டு, வடிகால் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று மறுபடி கம்பியால் குத்திப் பாருங்கள்.

எங்கள் ஊரில் பழைய எஞ்சின் ஒயிலைச் சேசிஸில் அடிக்கும் வழக்கம் இருக்கிறது. அப்பாவும் அடித்தார். நான் நிறுத்திவிட்டேன். அந்த ஒயில் புஷ் இறப்பர்களையும் பிரேக் ஹோஸ்களையும் ஊதிப் பழுதாக்குகிறது, தூசியைப் பிடித்து வைக்கிறது, மழையில் வடிந்து மணலுக்குள் இறங்குகிறது. பத்தடி தள்ளிக் கிணறு இருக்கும் முற்றத்தில் இது செய்யக் கூடாத வேலை.

ஓட்டை விழுந்த இடத்துக்கு வெல்டிங் வேண்டும். அதை அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். கறளின் மேலேயே தகடு ஒட்டாமல் நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டச் சொல்லுங்கள். சேசிஸின் அதே தடிப்புள்ள தகடு வேண்டும். வெல்டிங் தொடங்கும் முன் பற்றரி வயரையும் ஒல்டனேற்றர் வயரையும் கழற்றிவிட வேண்டும். டீசல் தாங்கிக்குப் பக்கத்தில் என்றால் தாங்கியையே இறக்குங்கள்.

பிரேக்: குறுக்கு வழி இல்லாத வேலை

ஒரு நாள் உவர்மலை இறக்கத்தில் என் பிரேக் பெடல் தரை வரை போனது. இரண்டாம் கியரும் கைப்பிரேக்கும்தான் காப்பாற்றின. பின் அச்சின் மேல் ஓடும் இரும்புக் குழாய் கறளால் மெலிந்து வெடித்திருந்தது. அன்றிலிருந்து பழைய ஜீப் வாங்கும் யாருக்கும் நான் சொல்வது: இரும்புப் பிரேக் குழாய்கள் எந்த நிலையில் இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றுங்கள். செம்பும் நிக்கலும் கலந்த குழாய் கிடைத்தால் அதுவே நம் கடற்கரைக்குச் சரி. கறள் பிடிக்காது, கையாலேயே வளையும். நுனி இரட்டை மடிப்பாக விரிந்திருக்க வேண்டும். ஒற்றை மடிப்பு அழுத்தத்தில் வெடிக்கும்.

இறப்பர் ஹோஸ்கள் வெளியே நன்றாகத் தெரிந்தும் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம். அறிகுறி இது: பிரேக் பிடித்து விட்ட பிறகும் ஒரு சில்லு இழுக்கும், ஓடி வந்து நிறுத்தினால் அந்த ட்ரம் மட்டும் கூடுதலாகச் சுடும். அந்தச் சில்லின் பிளீட் நட்டை (காற்று எடுக்கும் நட்டை) தளர்த்தியதும் சில்லு விட்டுவிட்டால், அழுத்தம் உள்ளே சிக்கியிருந்தது என்று பொருள். முதலில் ஹோஸை மாற்றுங்கள்.

ட்ரம்மைக் கழற்றியதும் தூசியை வாயாலோ காற்றாலோ ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். தண்ணீரும் சவர்க்காரமும் விட்டு நனைத்துத் துடையுங்கள். சில்லுச் சிலிண்டரின் இறப்பர் மூடியை நகத்தால் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டரை மாற்றுவதே நல்லது. குழி விழுந்த சிலிண்டருக்குப் புது இறப்பர் போட்டால் சில மாதத்தில் மறுபடி கசியும்.

பிரேக் ஒயில் என்று எழுதியிருப்பதை, டொட் 3 அல்லது டொட் 4, மட்டுமே ஊற்ற வேண்டும். நகரத்துக் கராஜ் ஒன்றில் எங்கள் வண்டியின் பிரேக் டப்பாவுக்குள் ஸ்டீயரிங் ஒயிலை ஊற்றிவிட்டார்கள். இரண்டே வாரத்தில் பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் முதல் நாலு சில்லு வரை எல்லா இறப்பரும் ஊதிப் பிடித்துக்கொண்டன. முழுத் தொகுதியையும் கழற்றி மாற்ற வேண்டி வந்தது. பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் சூட்டில் கொதித்துப் பெடல் பஞ்சாகும், உள்ளிருந்து கறளும் பிடிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது பொது வழக்கம். நம் ஈரக் காற்றுக்கு நான் ஒவ்வொரு தை மாதமும் மாற்றுகிறேன்.

பிரேக் குழாய்களுக்குள் புகுந்த காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்தில் உள்ள சில்லில் தொடங்குங்கள். நம் வலக்கை வண்டிகளில் அது பின் இடது. பிறகு பின் வலது, முன் இடது, முன் வலது. பக்கத்து வீட்டுத் தம்பியை ஆசனத்தில் இருத்தி மூன்று சொல் பழக்குங்கள். "மிதி" என்றால் மெதுவாக மூன்று முறை மிதிக்க வேண்டும். "பிடி" என்றால் அழுத்தியபடியே வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் நீங்கள் பிளீட் நட்டைத் திறப்பீர்கள், பெடல் கீழே போகும், நீங்கள் மூடுவீர்கள். "விடு" என்று சொல்லும் வரை அவர் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். பிளீட் நட்டில் மாட்டிய குழாயின் மறுநுனி போத்தலில் உள்ள பிரேக் ஒயிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். டப்பாவில் ஒயில் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

குளிரூட்டல்

கச்சான் காலத்தில் ஏ6 வீதியில் கந்தளாய்ப் பக்கம் பகலில் போனால் இந்தத் தொகுதியின் உண்மை நிலை தெரியும். ரேடியேற்றர் இதழ்களுக்குள் சேறும் புல் விதையும் அடைத்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெல்லிய அழுத்தத்தில் தண்ணீர் அடியுங்கள். பித்தளை ரேடியேற்றர் என்றால் எறிந்துவிடாதீர்கள். ரேடியேற்றர் வேலை செய்பவர் மேல் தொட்டியைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து திரும்ப ஈயம் பற்ற வைத்துத் தருவார். உவர்க் கிணற்றுத் தண்ணீரை உள்ளே விடவே கூடாது. கூலண்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்க வேண்டாம்.

"நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்ரற் எதற்கு" என்று, எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேற்றருக்கு விடாமல் வைக்கும் அந்த வால்வைக் கழற்றி எறியச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். அது இல்லாவிட்டால் டீசல் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமெடுக்கும், புகைக்கும், சிலிண்டர் தேயும். சில எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேற்றருக்குப் போகாமல் பக்க வழியால் சுற்றி, சூடு இன்னும் கூடும். வீட்டிலேயே சோதிக்கலாம்: நூலில் கட்டிச் சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். அதன் மேல் அடித்திருக்கும் எண், பெரும்பாலும் 82, வெப்பமானியில் வரும்போது திறக்கத் தொடங்க வேண்டும். கொதித்தும் திறக்காவிட்டால் புதிது வாங்குங்கள்; விலை அதிகமில்லை.

டீசலும் காற்றும்

தாங்கி பாதி காலியாக நின்றால் இரவில் அதன் உட்சுவரில் ஈரம் படியும். மாரிக்கு முன் தாங்கியின் அடி நட்டைத் திறந்து ஒரு லீற்றர் கண்ணாடிப் போத்தலில் பிடித்து ஒரு மணி நேரம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் கோடு போட்டுத் தெரியும்.

பில்டர் மாற்றிய பின் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் காற்று புகுந்திருக்கிறது. ஸ்டார்ட்டரை அடித்துப் பற்றரியைச் சாகடிக்க வேண்டாம். பில்டர் தலையில் உள்ள காற்று நட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்துக்கொண்டே இருங்கள். நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் இறுக்குங்கள். அடுத்து இன்ஜெக்ஷன் பம்பின் காற்று நட்டு, அதே மாதிரி. அதன் பின்னும் பிடிக்காவிட்டால் இன்ஜெக்டர் குழாய் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லி, டீசல் துளித்ததும் இறுக்குங்கள். அந்த நேரம் கையை அருகில் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், அப்படி நடந்தால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

காலையில் பிடிக்கச் சிரமம், பிடித்ததும் வெள்ளைப் புகை என்றால், குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கும் குளோ பிளக்கைப் பாருங்கள். இணைக்கும் தகட்டைக் கழற்றி மல்ரிமீற்றரால் ஒவ்வொன்றையும் அளந்தால், நல்லது ஓரிரு ஓம் காட்டும், செத்தது எதுவும் காட்டாது. காற்று வடிகட்டி ஒயில் தொட்டி வகை என்றால், கச்சான் தூசியில் அந்த ஒயிலை வாரம் ஒரு முறை பார்ப்பது நல்லது.

வெள்ளத்தில் இறங்கும் அச்சுகள்

மாரியில் வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் வீதியின் மேல் தண்ணீர் ஓடும். ஓடி வந்து சூடான டிபரன்ஷல் (அச்சின் நடுவில் உள்ள கியர்ப் பெட்டி) குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே உள்ள காற்று சட்டென்று சுருங்கும். அச்சின் மேல் உள்ள மூச்சுத் துளை அடைத்திருந்தால், அந்தச் சுருக்கம் ஒயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். துளையைச் சுத்தம் செய்து, அதில் ஓர் இறப்பர்க் குழாயை மாட்டி எஞ்சின் அறையின் உயரத்துக்குக் கொண்டுபோய் நுனியில் சிறு பில்டர் ஒன்றைப் போட்டுவிடுங்கள். சில நூறு ரூபாய் வேலைதான். டிபரன்ஷலுக்குள் உள்ள கிரவுன் பினியன் கியர்களைக் காப்பாற்றும்.

தண்ணீர் கடந்த மறுநாள் டிபரன்ஷல் ஒயிலைச் சிறிது வடித்துப் பாருங்கள். பால் தேநீர் நிறம் என்றால் உடனே மாற்றுங்கள். எந்த ஒயிலை வடிக்கும் முன்பும் ஊற்றும் நட்டு கழல்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வடித்த பின் அது கழலாவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். டிபரன்ஷலுக்கு ஜிஎல்-5 தரக் கியர் ஒயில். கியர்பொக்ஸுக்கு ஜிஎல்-4, ஏனென்றால் ஜிஎல்-5இல் உள்ள கந்தகச் சேர்மானம் பழைய கியர்பொக்ஸின் பித்தளை வளையங்களைத் தின்னக்கூடும்.

சில்லுப் பெயரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, உள்ளங்கையில் கிறீஸ் வைத்து உருளைகளுக்கு இடையே மறுபக்கம் வரும் வரை திணியுங்கள். ஒயில் சீலைப் புதிதாகவே போடுங்கள். உள் நட்டைச் சில்லைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, கால் சுற்றுக்குள் தளர்த்தி, ஆட்டம் இல்லாமலும் தடையின்றியும் சுற்றும் இடத்தில் நிறுத்தி, பூட்டு வோஷரை மடித்து வெளி நட்டை இறுக்க வேண்டும்.

மின்சாரம்

விளக்கு மங்கல், ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றுதல், ஹோர்ன் சில வேளை மட்டும் அடித்தல்: கடற்கரை வண்டியில் இவை பெரும்பாலும் எர்த் கறள், அதாவது மின்சாரம் பற்றரிக்குத் திரும்பும் வயர் இணைப்புகளில் பிடித்த கறள். பற்றரியிலிருந்து சேசிஸுக்கும், சேசிஸிலிருந்து எஞ்சினுக்கும், பொடிக்கும் போகும் வயர்களைக் கழற்றி, இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாஸலின் பூசுங்கள். விளக்கைப் போட்டுவிட்டு விளக்கின் எர்த்துக்கும் பற்றரியின் மைனஸ் முனைக்கும் இடையே மல்ரிமீற்றரை வையுங்கள். அரை வோல்ட் காட்டினாலே எங்கோ தடை இருக்கிறது. 12 வோல்ட் வண்டியில் நின்ற பற்றரி 12.6 வோல்ட் அளவிலும், எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் இடையிலும் இருக்க வேண்டும். சில ஜப்பான் டீசல் ஜீப்புகள் 24 வோல்ட். பல்ப் வாங்கும் முன் உங்கள் வண்டி எத்தனை வோல்ட் என்று பாருங்கள்.

வெளியே கொடுக்க வேண்டியவை

இன்ஜெக்ஷன் பம்பு அளவு பார்த்தல், இன்ஜெக்டர் சோதனை, ஸ்டீயரிங் பெட்டி, அழுத்தி ஏற்றும் புஷ்கள். இவற்றுக்கு இயந்திரம் வேண்டும். உதிரிப் பாகம் வாங்க யாரையாவது கொழும்புக்கு அனுப்பினால் பழைய பாகத்தையே கையில் கொடுத்து அனுப்புங்கள். ஒரே எஞ்சினுக்கு இரண்டு மூன்று விதமான பம்பும் கிளச் தட்டும் உண்டு. போனில் சொல்லி வாங்கியதில் நான் இரண்டு முறை பிழையானதைப் பெற்றேன்.

ஓட்டிப் பார்த்தல்

எல்லாம் முடிந்ததும் முதல் ஓட்டம் தூரமாக வேண்டாம். நான் வீட்டிலிருந்து கன்னியா வெந்நீரூற்று வரை போய்த் திரும்புவேன். சனம் குறைந்த இடத்தில் மெதுவாக ஐந்தாறு முறை பிரேக் பிடித்து, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள். நிறுத்தியதும் இறங்கி நாலு ஹப்பின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள்; ஒன்று மட்டும் கூடுதலாகச் சுட்டால் அந்தச் சில்லை மறுபடி திறக்க வேண்டும். திரும்பி வந்து, சூடு ஆறிய பிறகு யூ-போல்ட் நட்டுகளையும் சில்லு நட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். இரவு வண்டியின் கீழே பழைய கார்ட்போர்ட் மட்டை ஒன்றை விரித்துவிடுங்கள். காலையில் அதில் விழுந்திருக்கும் பொட்டுகளைப் பார்த்து, எது எஞ்சின் ஒயில், எது கியர் ஒயில், எது டீசல், எந்த இடத்துக்கு நேர்கீழே என்று கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள்.